வண்டிக்கு ரெண்டு குடம்

வாங்க தம்பி, வாங்க. பாயிண்ட் சென்னியப்பன் நான்தானுங்க. ஊட்டுக்குப் போய்ட்டுத்தான வர்றீங்க? என்ற ஊட்டுக்காரி கையைக் காட்டி உட்டிருப்பா, டேங்க்கடியில நிக்கறாருன்னு. இவத்த நெழல்ல உக்காருங்க. குழாயில தண்ணி நூலாட்டத்தான் வருது. ரெண்டு குடமும் ரொம்பற வரைக்கும் நான் இங்கிருந்து அசைய முடியாது. உட்டுட்டுப் போனா எவளாச்சும் வந்து என்ற குடத்தை நகர்த்தி வெச்சுப்போட்டு அவ குடத்தை வெச்சுக்குவா.

என்ன பார்க்கறீங்கன்னு தெரியுதுங்க. ஊருக்கெல்லாம் தண்ணி காட்டறவன் பஞ்சாயத்துக் குழாயில வந்து குடம் புடிக்கறானேன்னு பார்க்கறீங்க. பாருங்க. எல்லாருந்தான் பார்க்கறாங்க. இந்தத் தண்ணி வண்டிக்குங்க. தொண்ணூத்திரெண்டு மாடல் டீசல் வண்டி, இன்ஜின் கொதிக்கும், தண்ணி கேக்கும். ஊர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, அதைத்தான் சொல்லுவாங்க. நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கறன்.

உங்க காட்டுல போர் போடறதுக்கு பாயிண்ட் பார்க்கோணும், அவ்வளவுதான? பார்த்துரலாம். நாப்பது வருசமாப் பார்க்கறன். தேங்காயை உள்ளங்கையில படுக்க வெச்சுட்டு நடப்பனுங்க. கீழ நீரோட்டம் இருந்தா தேங்காய் அப்படியே எந்திரிச்சு நிக்கும். முந்நூறு பாயிண்டுக்கு மேல வெச்சிருக்கறன். தண்ணி வராத பாயிண்ட்டை ஒரு கை வெரல்ல எண்ணிரலாம்.

ஆனா ஒண்ணு, மொதல்லயே சொல்லிப்போடறன். நான் சொல்றது "தண்ணி இருக்குது"ங்கறது மட்டுந்தான். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டன். மூலனூர்ப் பக்கம் ஒருத்தர், பேரு வேண்டாம், நானூறடி ஓட்டிப்போட்டு ஒரு சொம்புத் தண்ணியோட என்ற வாசலுக்கே வந்துட்டாரு. குடிச்சுப் பாருங்கன்னாரு. வாயில வெக்க முடியலைங்க, அத்தனை உப்பு. நான் அசரல. "ஏனுங்க, தண்ணி இருக்குதுன்னு சொன்னனா இல்லையா?"ன்னு கேட்டன். சொன்னீங்கன்னாரு. "நல்ல தண்ணின்னு சொன்னனா?" மனுசன் நின்னு யோசிச்சுப் பார்த்தாரு. சொல்லலீங்கன்னுட்டு சொம்பை எடுத்துட்டுப் போய்ட்டாரு. வார்த்தையில நின்னுட்டா நம்மளை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இதைச் சித்த ஞாபகத்துல வெச்சுக்கங்க.

செரி, வண்டிக்கு வர்றன்.

போன மாசியில ஆரம்பிச்சுது. ஊதியூர் மேட்டுல ஏறறப்ப சூடு காட்டற முள்ளு செவப்புக்குப் போய்டுச்சு. பானெட் இடுக்குல எல்லாம் ஆவி. எறங்கிக் காதை வெச்சா உள்ள ஒலை கொதிக்கறாப்பல சத்தம். அன்னிக்குப் பார்த்து ஒரு பெரிய தோட்டத்துக்குப் பாயிண்ட் பார்க்கப் போய்ட்டிருந்தன். சூட்டோட மூடியைத் தொறந்தா மூஞ்சி வெந்துரும், அது எனக்கும் தெரியும். ரோட்டோரத்துல முக்காமணி நேரம் கம்முனு நின்னு, ஆற உட்டு, துண்டைப் போட்டு மூடியைத் திருகி, டிக்கியில இருந்த கேன் தண்ணியை ஊத்தினன். டிக்கியில எப்பவும் ஒரு கேன் என்ற ஊட்டு போர் தண்ணி இருக்கும். போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க வேற ஆளை வெச்சுப் பார்த்துப்போட்டாங்க. நம்ம பொழப்புக்கு வண்டிதானுங்க காலு.

காங்கேயத்துல ஒருத்தன் ஃபேன் பெல்ட் தொளதொளன்னு இருக்குதுன்னான். மாத்தினோம். பத்து நாள் நல்லா இருந்துச்சு, மறுபடியும் கொதி. இன்னொருத்தன் ரேடியேட்டர் மூடியில ரப்பர் போயிருச்சு, அதனால உள்ள அழுத்தம் நிக்கறதில்லைன்னான். மூடியை மாத்தினோம். மூணாவது ஒருத்தன், அவன் பெரிய கெட்டிக்காரன், இன்ஜின்ல சூட்டுக்குத் தக்கனத் தண்ணியைத் தொறந்து உடற தெர்மாஸ்டாட்டைக் கழட்டி, "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க, இதெல்லாம் குளுரு நாட்டுக்காரனுக்கு"ன்னு சொல்லிச் சாக்கடையில வீசிப்போட்டான். எனக்கும் அது நாயமாத்தான் பட்டுது. அப்பறம் என்னாச்சு, காலையில வண்டி சூடே ஆகாம மொணங்கிட்டு ஓடும், மத்தியானம் மேடு ஏறினா பழையபடி கொதிக்கும். நாலாவது ஆளு, இன்ஜின்ல ஹெட் கேஸ்கட் போயிருக்கும், பிரிச்சுத்தான் பார்க்கோணும், பெரிய செலவாகும்னான்.

கடைசியாத்தான் வெள்ளகோவில் யாகூப் பாய்கிட்டப் போனன். அங்க மொதல்லயே போயிருக்கோணும், என்ன பண்றது, அவரு யாருக்கும் மொகத்துக்காகப் பேச மாட்டாருன்னு கேள்விப்பட்டிருந்தன்.

பாய் எடுத்தவுடனே ஸ்பேனரைத் தொடலைங்க. ஆறட்டும்னாரு. டீ குடிச்சோம். வண்டி நல்லா ஆறினப்பறம் மூடியைத் தொறந்து, உள்ள வெரலை உட்டு எடுத்தாரு. வெரல்ல பழுப்பா, சேறாட்ட என்னமோ ஒட்டியிருந்துச்சு. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தாரு. "ஆயில்ல தண்ணி கலக்கலீங்ணா. கலந்திருந்தா பால் காப்பியாட்ட இருக்கும். ஹெட்டு நல்லாத்தான் இருக்குது, பயப்படாதீங்க"ன்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு. வாட்டர் பம்புக்கு அடியில கையை உட்டுத் தடவிட்டு, இதுல சொட்டுச் சொட்டா ஒழுகுது, அதனாலதான் தினமும் தண்ணி கொறையுதுன்னாரு.

அப்பறம் பண்ணினாரு பாருங்க ஒரு காரியம். இன்ஜினை ஓட உட்டு, சூடானதும் நிறுத்திப்போட்டு, ரேடியேட்டர் மேல உள்ளங்கையை வெச்சுத் தடவிக்கிட்டே போனாரு. மேல இருந்து கீழ, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு. கண்ணை வேற மூடிக்கிட்டாரு. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. உள்ளங்கையில பார்க்கறது என்ற வேலைங்க. என்ற வண்டிக்கு, என்ற கண்ணு முன்னாலயே, இன்னொருத்தன் பாயிண்ட் பார்க்கறான்.

"இங்க சுடுது, இங்கயும் சுடுது. இந்த எடம் மட்டும் ஆறிக் கெடக்குது பாருங்க, கையை வெய்ங்கணா"ன்னாரு. வெச்சன். வாஸ்தவம். சூட்டுக்கு நடுவால ரெண்டு கையகலம் சில்லுனு இருந்துச்சு.

"இங்க ஓட்டம் இல்லீங்ணா. உள்ள அடைச்சிருக்குது."

எங்கிட்ட வந்து ஓட்டத்தைப் பத்திப் பேசறாரு.

"எந்தத் தண்ணி ஊத்தறீங்க?"

"என்ற ஊட்டு போர் தண்ணி."

"அது உப்புங்ணா."

குடத்தைச் சித்தப் பாருங்க தம்பி, வழியப் போவுது. ஆங், அதைத் தள்ளி வெச்சுட்டு ரெண்டாவது குடத்தை வெய்ங்க. இது எங்க ரொம்பறது இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

என்ற ஊட்டு போரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பதினோரு வருசத்துக்கு முன்னால, புது ஊடு கட்டறப்ப வெச்ச பாயிண்ட் அது. தேங்காய் எந்திரிச்ச வேகத்துல கையை உட்டே குதிச்சுடுச்சு. முந்நூத்தி இருவதடியில தண்ணி பீச்சி அடிச்சு, ரிக் வண்டிக்காரனுக எல்லாம் நனைஞ்சுட்டானுக. ஊரே கூடி நின்னு பார்த்துச்சு. பூசை போட்டு, பச்சரிசியும் வெல்லமும் வாயில போட்டுட்டு, மொத சொம்புத் தண்ணியை நான்தான் குடிச்சன். தேனாட்ட இருந்துச்சுங்க. அங்கயே, அத்தனை பேருக்கு முன்னால சொன்னன், தேனாட்ட இருக்குதுன்னு. என்ற ஊட்டுக்காரியும் ஒரு வாய் குடிச்சா. அவ ஒண்ணும் சொல்லல. அவ அதிகம் பேச மாட்டா, மயிலாத்தா.

அதே வருசந்தான் பஞ்சாயத்துல ஆத்துத் தண்ணிக்கு ஊட்டு ஊட்டுக்குப் பைப்பு குடுத்தாங்க. வீதியில அத்தனை பேரும் எழுதிக் குடுத்தாங்க. எங்கிட்டயும் வந்து கேட்டாங்க. நான் வேண்டாம்னுட்டன். பாயிண்ட் வெக்கறவன் ஊட்டுல ஆத்துத் தண்ணிப் பைப்பா? நாளைக்கு எவன் என்னைக் கூப்புடுவான்? அன்னில இருந்து இந்தப் பதினோரு வருசம் என்ற ஊட்டுத் தண்ணியைத்தான் குடிச்சன். செப்புக் குடத்துல இருக்கும், மோந்து குடிச்சா வாய் இனிக்கும். வர்ற சொந்தபந்தம், ஒறம்பரைக்கெல்லாம் மொதல்ல ஒரு சொம்பு குடுத்து, குடிச்சுப் பாருங்க எங்க தண்ணியைன்னுதான் பேச்சையே ஆரம்பிப்பன். போன வருசம் கால் பெசகி பத்து நாள் ஊட்டோட கெடந்தன், அப்ப மட்டும் தண்ணி கரிச்சுது. மாத்திரை முழுங்கற வாய்க்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும்னு உட்டுட்டன்.

அந்தத் தண்ணியைத்தான் பாய் உப்புங்கறாரு.

"பாய், நான் அறுவத்திரெண்டு வயசு ஆளு. அந்தத் தண்ணி குடிச்சு நல்லாத்தான் இருக்கறன். நான் குடிக்கற தண்ணி வண்டிக்கு ஆகாதா?"ன்னன்.

"நீங்க குடிச்சா வெளிய போயிருமுங்ணா. வண்டியில ஊத்தற தண்ணி ஆவியாத்தான் போகும். தண்ணி போயிரும், உப்பு எங்க போகும்? அது உள்ளயே உக்காந்துக்கும். பச்சையா வருமே கூலன்ட், அதைப் பேட்டரித் தண்ணியில கலந்து ஊத்தினா இந்தத் தொல்லையே இல்லை. துருவும் புடிக்காது."

"கடையில தண்ணி வாங்கறதா? நானா?"

பாய் சண்டைக்கு வரல. நாளைக்கு உங்க ஊட்டுத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டாங்க, காய்ச்சிப் பார்த்துரலாம்னாரு. அடுத்த நாள் செப்புக் குடத்துல இருந்து ஒரு பாட்டில் மோந்து எடுத்துட்டுப் போனன். ஒரு எவர்சில்வர் டப்பா மூடியை டீக்கடை அடுப்புல வெச்சு, அதுல தண்ணியை ஊத்திச் சுண்டக் காய்ச்சினாரு. உப்பு இருந்தா மூடியில வெள்ளையாப் படியுமாமா. நாங்க ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்தோம். டீக்கடைக்காரனும் பார்த்தான். மூடி கழுவி வெச்சதாட்டப் பளபளன்னு இருந்துச்சு.

நான் அந்த மூடியைத் தூக்கி அந்த வீதியில எல்லாருக்கும் காட்டினனுங்க. பாய் தலையைச் சொறிஞ்சுட்டு நின்னாரு. "புரியலீங்ணா. இந்தத் தண்ணிக்கு ரேடியேட்டர் இப்படி ஆகக் கூடாதே"ன்னாரு. ரேடியேட்டரைக் கழட்டி, ராடு உட்டுக் குத்திக் கழுவி மாட்டிக் குடுத்தாரு. வாட்டர் பம்பையும் மாத்திரலாம்னாரு. ஒரு சொட்டுக்கு எவனாச்சும் பம்பை மாத்துவானா, போய்யான்னு சொல்லிட்டு வந்துட்டன். வந்ததும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில இருக்கற ஹோஸ் பைப்பை எடுத்து, என்ற போர் தண்ணியை ரேடியேட்டர் வழிய வழிய ஊத்தினன். தினமும் காலையில கொறைஞ்சதை ஊத்தினன். வீம்புக்கே ஊத்தினன்னு வெச்சுக்கங்களேன்.

ஆனியில ஒரு நாள், மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும், மயிலாத்தாளுக்கு விலாவுல வலி. சுருண்டுட்டா. அவளுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாலயும் ஒருக்கா கிட்னியில கல்லு வந்து கரைச்சது. அது அவ ஒடம்பு வாகுன்னு நெனச்சுட்டிருந்தன். பின் சீட்டுல படுக்க வெச்சு, தாராபுரத்துக்கு வண்டியை முடுக்கினன். பாதி வழியில முள்ளு செவப்புக்குப் போச்சு. நான் நிறுத்தல. அவ கத்தல, பல்லைக் கடிச்சுட்டுக் கெடக்கறா. வண்டிதான் கத்துச்சு. ரோட்டுக்கு நடுவுல ஆவியைக் கக்கிட்டு நின்னுடுச்சு.

தம்பி, கால் மணி நேரம் அங்கயே கெடந்தோம். சூட்டுக்கு மூடியைத் தொறக்க முடியாது. தொறக்காம தண்ணி ஊத்த முடியாது. நான் கேனைத் தூக்கிட்டு வண்டியைச் சுத்திச் சுத்தி வர்றன். அவ உள்ள இருந்து, "ஏனுங்க, வெயில்ல நிக்காதீங்க"ங்கறா. அப்பறம் கோழித் தீவன வண்டிக்காரர் ஒருத்தர் நிறுத்தி ஏத்திட்டுப் போனாரு. புண்ணியவான்.

ஆசுபத்திரியில டாக்டர் பொண்ணு ஸ்கேன் படத்தைப் பார்த்துட்டு, ரெண்டு கல்லு இருக்குது, என்ன தண்ணிம்மா குடிக்கறீங்கன்னு கேட்டுச்சு. அவளைத்தான் கேட்டுச்சு. நான் முந்திக்கிட்டன். "தண்ணியில ஒரு கோளாறும் இல்லீங்க டாக்டர். எங்க சொந்த போர். தேனாட்ட இருக்கும். டெஸ்ட்டே பண்ணிப் பார்த்தாச்சு"ன்னன். மயிலாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தா. அப்பறம் செவுத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டா.

வண்டியைப் பாய் கட்டி இழுத்துட்டுப் போயிருந்தாரு. ரெண்டு நாள் கழிச்சு, அவளை ஊட்டுல கொண்டுபோய் உட்டுட்டு, நான் பட்டறைக்குப் போனன். ரேடியேட்டரைப் பிரிச்சு வெச்சிருந்தாரு. உள்ள இருந்து பேத்து எடுத்ததை என்ற கையில கொட்டினாரு. வெள்ளையா, கெட்டியா, ஓட்டாஞ்சில்லாட்ட.

"இது என்ன பாய்?"

"கல்லுங்ணா. உங்க வண்டிக்குள்ள இருந்த கல்லு."

எனக்கு ஒண்ணும் தோணலைங்க அப்ப. கையில வெச்சுட்டு நின்னன், அவ்வளவுதான். பாய்தான் டிக்கியைத் தொறந்து, கேன்ல மிச்சமிருந்த தண்ணியை அந்த எவர்சில்வர் மூடியில ஊத்திக் காய்ச்சினாரு. சுண்டச் சுண்ட ஓரமெல்லாம் வெள்ளை கட்டிக்கிட்டே வந்துச்சு. கடைசியில மூடி முழுக்க சுண்ணாம்பு அடிச்சதாட்ட ஆயிருச்சு.

"இது எந்தத் தண்ணிங்ணா?"

"என்ற ஊட்டுத் தண்ணி."

"அன்னிக்குக் கொண்டாந்தது?"

"அதுவும் என்ற ஊட்டுத் தண்ணிதான். ஒரே போர்."

"அன்னிக்கு எதுல இருந்து எடுத்தீங்க?"

"செப்புக் குடத்துல."

"இது?"

"ஹோஸ் பைப்புல."

பாய் அடுப்பை அணைச்சாரு. கையைத் துடைச்சாரு. "வண்டிக்குக் கோளாறு என்னன்னு தெரிஞ்சு போச்சுங்ணா. மிச்சத்தை ஊட்ல கேட்டுக்கங்க"ன்னாரு.

மூடியைக் கையில புடிச்சுட்டே பஸ் ஏறினன். கண்டக்டர் என்னங்க இதுன்னு கேட்டான், உன்ற வேலையைப் பாருன்னன். ஊட்டுக்கு வந்தா மயிலாத்தா கட்டல்ல ஒரு பக்கமா ஒருச்சாச்சுப் படுத்திருந்தா. அவ மொகத்துக்கு நேராப் புடிச்சன்.

"இது என்ன?"

"உப்பு"ன்னா. மூடியைச் சரியாப் பார்க்கக்கூட இல்ல.

"குடத்துல இருக்கறது?"

"ஆத்துத் தண்ணி. நீங்க வண்டி எடுத்துட்டுப் போனதுக்கப்பறம் தாயம்மக்கா பின்னால மதிலுக்கு மேல ஒரு குடம் எடுத்துக் குடுக்கும்."

"எத்தனை நாளா?"

"போர் போட்ட மூணாம் நாள்ல இருந்து."

பதினோரு வருசங்க. நான் கால் பெசகிக் கெடந்த அந்தப் பத்து நாள் தவுத்து, பதினோரு வருசம். நான் அடுத்தூட்டுக் குழாய்த் தண்ணியைக் குடிச்சுப்போட்டு, என்ற போர் தண்ணி தேனாட்ட இருக்குதுன்னு ஊர் ஊராச் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கறன். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். மூடியை வீசி எறிஞ்சன்.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னே?"

அவ மெதுவா எந்திரிச்சு உக்காந்தா. "நான் எங்கீங்க பொய் சொன்னன்? குடத்துல தண்ணி இருக்குதுன்னு சொன்னன். உங்க போர் தண்ணின்னு ஒரு நாளாச்சும் சொன்னனா?"

நான் நின்னு யோசிச்சுப் பார்த்தன், தம்பி. பதினோரு வருசத்தையும் யோசிச்சுப் பார்த்தன். சொல்லலைங்க. அந்த மூலனூர்க்காரர் சொம்போட நின்னாரே, அப்படியே நின்னன்.

அப்பத்தான் கேட்டன், அது எனக்கு ஏன் அத்தனை நேரம் தோணலைன்னு தெரியல. "எனக்கு ஒரு குடம், செரி. நீ எதைக் குடிச்சே?"

அவ சேலையைச் சரி பண்ணிக்கிட்டா. "அவங்களுக்கும் ஒரு மணி நேரந்தான் தண்ணி வருது. ஒரு குடம் கேக்கலாம். ரெண்டாவது குடத்தை எந்த மொகத்தை வெச்சுட்டுக் கேக்கறது? உங்களுக்குக் குடிக்க, காப்பி வெக்க, சோறாக்க, அதுக்கே செரியாப் போயிரும்"ன்னா.

ரெண்டாவது குடம் கேக்க முடியாம அவ ஹோஸ் பைப்புத் தண்ணியைக் குடிச்சிருக்கா. வண்டி குடிச்ச அதே தண்ணி.

நான் பொடக்காளிக்குப் போய் மோட்டாரைப் போட்டு உட்டுட்டு, அந்தச் சத்தத்துல நின்னு அழுதன். சொல்றதுக்கு என்ன வெக்கம். தண்ணி பாட்டுக்கு மதில் ஒசரத்துக்கு அடிச்சுட்டுக் கெடந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்றன், அதுக்காக நான் தோத்துட்டன்னு நீங்க நெனைச்சுக்க வேண்டாம். தேங்காய் பொய் சொல்லல. தண்ணி இருக்குதுன்னு சொல்லுச்சு, இருக்குது, நாளைக்கு வந்து பாருங்க எப்படி அடிக்குதுன்னு. தப்பு அவ மேலதான். மொத நாளே சொல்லியிருக்கோணும். சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டன், அது வேற. ஆனா சொல்லியிருக்கோணும்.

வண்டியா? பாய் எல்லாத்தையும் மாத்திப்போட்டாரு. ரேடியேட்டர் புதுசு, பம்பு புதுசு, அந்தக் கெட்டிக்காரன் சாக்கடையில வீசினானே, அந்தத் தெர்மாஸ்டாட்டும் புதுசா வாங்கிப் போட்டாரு. பச்சைக் கூலன்ட்டைப் பேட்டரித் தண்ணியில கலந்து ஊத்தி மூடினாரு. ஆடியில ஊத்தினது, இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டுக் கொறையல. ஊதியூர் மேட்டை ஒரே மூச்சுல ஏறுது. முள்ளு பாதியைத் தாண்டறதில்லை.

சிரிக்காதீங்க. அப்படின்னா இந்த ரெண்டு குடம் எதுக்குன்னுதான கேக்கறீங்க?

பைப்புக்கு எழுதிக் குடுக்கச் சொல்லி அவளும் சொன்னா. முடியாதுங்க. எழுதிக் குடுத்தா பஞ்சாயத்து நோட்டீசுல பேரு போடுவாங்க, ரோட்டை நோண்டுவாங்க, ஊரே நின்னு பார்க்கும். அது என்னால ஆகாது. மதிலுக்கு மேல வாங்கறதும் இனி ஆகாது. அதனால நானே வர்றன். பட்டப்பகல்ல, பத்து மணிக்கு, எல்லாரும் பார்க்க வர்றன். யாரு கேட்டாலும் வண்டிக்குன்னு சொல்லிருவன். நல்லா ஓடற வண்டியைக் கொதிக்குது கொதிக்குதுன்னு ஊர் பூராச் சொல்லி வெச்சிருக்கறன், பாவம் அது. பாய்க்கு இது தெரிஞ்சு, ஏனுங்ணா, என்ற வேலைக்கு இப்படிப் பேரு வாங்கித் தர்றீங்களேன்னு கேட்டாரு. நான் ஊருக்கு முன்னால உண்மையை ஒத்துக்க மாட்டன்னு தெரிஞ்சதும் போய்ட்டாரு.

உங்க காட்டுக்கு வர்றனுங்க, கவலைப்படாதீங்க. தேங்காயோட வர்றன். நீங்க ஒரு காரியம் பண்ணுங்க, சுத்தியிருக்கற போர்ல எல்லாம் ஒவ்வொரு பாட்டில் தண்ணி புடிச்சு வெய்ங்க. என்ற டிக்கியில ஒரு ஸ்டவ்வும் எவர்சில்வர் மூடியும் கெடக்குது. மொதல்ல காய்ச்சிப் பார்த்துரலாம், அப்பறம் தேங்காய். இதை யாகூப் பாய்கிட்டக் கத்துக்கிட்டன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. உங்க ஊட்டுல தண்ணி மோந்து வெக்கறது யாருங்க? சம்சாரமா? அவங்களையும் காட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. தண்ணி எப்படின்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்.

இருங்க, தாயம்மக்கா மருமக வர்றா. அந்தப் புள்ளைக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுட்டே தினமும் கேக்கும் பாருங்க.

"ஏனுங் மாமா, வண்டிக்குங்களா?"

"ஆமா அம்மிணி, வண்டிக்குத்தான்."

"ஒரு வண்டிக்குத் தினமும் ரெண்டு குடமா?"

"பதினோரு வருசம் உப்புத் தண்ணி குடிச்ச வண்டி அம்மிணி. குடிக்கட்டும்."

ரொம்பிருச்சு. அந்தக் குடத்தை ஒரு கை புடிங்க தம்பி. பார்த்து, சிந்தாம வாங்க.